நகர வடிவமைப்பு ஸ்டூடியோ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கட்டடக்கலைப் படிப்பின் பிற்பகுதியில் வரும் நகர வடிவமைப்பு ஸ்டூடியோ (ஓர் இடத்தை எடுத்து வடிவமைத்துப் பழகும் செய்முறை வகுப்பு) பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். இங்கே வரும் அளவுகள் வரையத் தொடங்குவதற்கானவை. உங்கள் இடத்தின் கட்டட விதி வேறு சொன்னால் அந்த விதியையே பின்பற்றுங்கள்.

கேள்வி: முதல் தடவையாக இந்த ஸ்டூடியோவை எடுக்கிறேன். மூடிக் கிடக்கும் தொழிற்சாலை வளாகம் ஒன்று, 60 ஹெக்டேர், பார்த்து வைத்திருக்கிறேன். சரியாக வருமா? (உதவிப் பேராசிரியர்)

60 ஹெக்டேர் வேண்டாம். நான்கைந்து பேர் கொண்ட ஒரு குழு ஒரு செமஸ்டரில் உருப்படியாகக் கையாளக்கூடியது 15 முதல் 25 ஹெக்டேர்தான். அதற்கு மேல் போனால் மாணவர்கள் நிலப் பயன்பாட்டு வரைபடத்துக்கு வண்ணம் பூசுவதோடு நின்றுவிடுவார்கள். தெரு, வாசல், மூலைக்கடை என்று கீழே இறங்க வாரங்கள் மிஞ்சாது. 5 ஹெக்டேருக்குக் கீழே போனாலும் தொல்லைதான். ஒரே உரிமையாளரின் அடுக்குமாடி வளாகமாக முடிந்துவிடும். நகரம் என்ற கேள்வியே எழாது.

அந்த வளாகத்தை விடவும் வேண்டாம். குடியிருப்பை ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து 20 ஹெக்டேரைப் பிரித்துக் கொடுங்கள். மீதி 40 ஹெக்டேர் "பிறகு வரப்போவது" என்று இருக்கட்டும். தெருவைப் பாதியில் எப்படி நிறுத்துவது, அடுத்த கட்டத்துக்கு எங்கே வழி விடுவது என்று யோசிக்க அது மாணவர்களைக் கட்டாயப்படுத்தும்.

மனையைச் சுற்றி எவ்வளவு தூரம் ஆராய்வது என்பதற்கு ஐந்து நிமிட நடைதான் கணக்கு. நிமிடத்துக்கு 80 மீட்டர் என்றால் 400 மீட்டர். அந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் உள்ளே ஏறத்தாழ 50 ஹெக்டேர் அடங்கும். 1:1000 அளவில் (தாளில் 1 மில்லிமீட்டர், நிலத்தில் 1 மீட்டர்) அந்த வட்டத்தின் விட்டம் 800 மில்லிமீட்டர். ஏ1 தாளின் அகலமோ 594 மட்டுமே. சுற்றுப்புறத்துக்கு 1:2000, மனைக்கு 1:1000 என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மனை தட்டையாக, காலியாக, ஒரே கையில் இருந்தால் மாணவர்களுக்கு முட்டிமோத எதுவும் இருக்காது. ஒரு சரிவு, ஒரு வாய்க்கால், அகற்ற முடியாத ஒரு பழைய கட்டடம், ஏற்கெனவே குடியிருக்கும் சில குடும்பங்கள்: இவற்றில் இரண்டாவது இருக்கட்டும். பகல், இரவு, விடுமுறை நாள், மழைக்கு மறுநாள் என நான்கு முறையாவது மாணவர்கள் போய்வர முடிகிற தூரத்திலும் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குழு நான்கு வாரம் ஆய்வு செய்து 14 தாள்கள் ஒட்டியிருக்கிறோம். "சரி, இதிலிருந்து என்ன?" என்று ஆசிரியர் கேட்டால் பதில் இல்லை. எங்கே தவறினோம்? (நான்காம் ஆண்டு மாணவி)

தாள் கூடியிருக்கிறது, முடிவு கூடவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரே ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். அது "ஆகவே நம் திட்டம் … செய்ய வேண்டும்" என்று முடிய வேண்டும். அப்படி முடிக்க முடியாத தாளைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். 14 தாளில் ஐந்து நின்றால் நல்ல அறுவடை. அந்த ஐந்து வாக்கியங்கள் ஒன்றோடொன்று மோதுகிற இடத்திலிருந்துதான் வடிவமைப்பு தொடங்கும். "நீர் வடியும் பாதையைத் திறந்து வைக்க வேண்டும்", "ரயில் நிலையத்துக்கு நேர்வழி வேண்டும்" என்ற இரண்டும் ஒரே இடத்தில் குறுக்கிடுகின்றனவா? உங்கள் திட்டத்தின் முக்கியமான மூலை அதுதான்.

ஆய்வு வரைபடங்களில் அடிக்கடி நடக்கும் இரண்டு பிசகுகளைச் சொல்ல வேண்டும். கட்டடத்தைக் கறுப்பாகவும் மீதியை வெள்ளையாகவும் நிரப்பிவிட்டு "நொல்லி வரைபடம்" என்று தலைப்பிடுகிறார்கள். வரைபடக் கலைஞர் ஜாம்பத்திஸ்தா நொல்லி 1748இல் வெளியிட்ட ரோம் வரைபடத்தில் தேவாலயங்களின் உட்புறமும் தூண்வரிசைகளும்கூட வெள்ளையாகத்தான் இருக்கும். மக்கள் தடையின்றி நுழையக்கூடிய இடம் எது என்பதுதான் அவர் காட்டியது. உங்கள் மனையில் அப்படி வரைய வேண்டுமென்றால் சந்தை, நூலகம், வழிபாட்டிடம், நிலையத்தின் கூடம் எல்லாவற்றின் தரைத்தளத்தையும் உள்ளே போய்ப் பார்த்து வர வேண்டும். வேலை அதிகம்தான், ஆனால் பலன் அதைவிட அதிகம்.

இரண்டாவது, நகரத் திட்டமிடல் அறிஞர் கெவின் லிஞ்ச் 1960இல் முன்வைத்த பாதை, விளிம்பு, பகுதி, கூடுமிடம், அடையாளச் சின்னம் என்ற ஐந்து கூறுகள். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று நகரங்களிலும் குடியிருப்பவர்களையே பேசவும் நினைவிலிருந்து வரையவும் சொல்லித் திரட்டிய விஷயம் அது. நீங்களே உட்கார்ந்து ஐந்து நிறத்தில் அம்புக்குறி போட்டால் அது உங்கள் மனப்படம், அந்தப் பகுதிக்காரர்களின் மனப்படம் அல்ல. இருபது பேரிடம் வெற்றுத்தாளும் பேனாவும் கொடுத்து "இங்கிருந்து நிலையத்துக்கு வழி வரைந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். எல்லோரும் வரைந்த தெரு எது, யாருமே வரையாத தெரு எது என்பது உடனே தெரியும்.

நடப்பவர்களை எண்ணும்போது ஒரு மணி நேரமும் நின்று எண்ணத் தேவையில்லை. ஐந்து இடங்களில், ஒவ்வொரு மணியிலும் 10 நிமிடம் எண்ணி ஆறால் பெருக்கலாம். வேலைநாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று, காலை 7 முதல் இரவு 9 வரை. கடந்துபோனவர்களை மட்டும் எண்ணி, உட்கார்ந்தும் நின்றும் இருந்தவர்களை விட்டுவிடுகிறார்கள். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் மக்கள் தங்குகிறார்களா என்பதை அந்த இரண்டாவது எண்தான் சொல்லும்.

கேள்வி: எந்த அளவில் எதை வரைய வேண்டும்? (மூன்றாம் ஆண்டு மாணவர்)

சுற்றுப்புறம் 1:5000 அல்லது 1:2000. தெரு அமைப்பும் மனைப் பிரிப்பும் 1:1000. தரைத்தளங்கள் எல்லாம் சேர்ந்த வரைபடம் 1:500. தெருவின் செக்‌ஷன் (குறுக்கே வெட்டிக் காட்டும் வரைபடம்) 1:200. வாசல்படி, நடைபாதை, மரக்குழி சேரும் இடம் 1:50. மேலேயிருந்து கீழே ஒருமுறை இறங்கினால் போதாது. 1:200இல் தெருவை வரைந்ததும் 1:1000 வரைபடத்தில் அதன் அகலத்தை மாற்ற வேண்டிவரும். மாற்றுங்கள். கணினியில் உருட்டி உருட்டிப் பெரிதாக்கும்போது எந்த அளவில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது. வாரம் ஒருமுறை அளவுத் தாளாக அச்செடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

கேள்வி: என் மாணவர்களின் மாஸ்டர் பிளான் மேலிருந்து பார்த்தால் அழகான கோலமாக இருக்கிறது. உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டால் விழிக்கிறார்கள். எண்ணிக்கையை எப்படிப் பழக்குவது? (ஸ்டூடியோ ஆசிரியர்)

கணக்கைத் தனி வகுப்பாக வைத்தால் பயனில்லை. கையில் பிடிக்கிற பொருளாக மாற்றிக் கொடுக்க வேண்டும். முதலில் கரும்பலகையில் ஒரு 20 ஹெக்டேர் கணக்கைப் போடுங்கள்.

தெருக்களுக்கு 28 சதவீதம், திறந்தவெளிக்கு 12, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு 5. மிஞ்சுவது 55 சதவீதம், அதாவது 11 ஹெக்டேர். அதில் எஃப்.எஸ்.ஐ. (நிலப்பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு என்ற விகிதம்) 2 என்றால் மொத்தத் தளப்பரப்பு 2,20,000 சதுர மீட்டர். அந்த 11 ஹெக்டேரில் 40 சதவீதம்தான் கட்டடம் மூடும் என்றால் சராசரியாக ஐந்து மாடி. மூடும் பரப்பை 25 சதவீதமாகக் குறைத்தால் எட்டு மாடி. "பசுமை வேண்டும்" என்று சொல்லும் மாணவர் தானாகவே உயரத்தையும் கேட்கிறார் என்பது இந்த ஓரிரு வரியில் விளங்கிவிடும்.

அடுத்து அட்டை. 3 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் அட்டையை 12.5 மி.மீ. × 40 மி.மீ. துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள். 1:1000 அளவில் ஒவ்வொரு துண்டும் 500 சதுர மீட்டர் கொண்ட ஒரு மாடி. உயரம் 3 மீட்டர். 2,20,000 சதுர மீட்டருக்கு 440 துண்டு. ஏ1 அட்டையின் நீளப்பக்கமான 841 மி.மீ.யிலிருந்து பட்டை பட்டையாக வெட்டினால் ஒரு பட்டைக்கு 21 துண்டு வரும்; 21 பட்டை வெட்டினால் 441. அட்டையில் பாதிகூடச் செலவாகாது. 12.5 மீட்டர் ஆழம் காரணமில்லாமல் எடுத்ததல்ல. இரண்டு பக்கமும் சன்னல் வைத்தால் வெளிச்சமும் காற்றும் நடுவரை எட்டுகிற ஆழம் அது. மாணவர்கள் வரையும் 30 மீட்டர் ஆழக் குடியிருப்புகள் இந்தத் துண்டுகளை வைக்கும்போதே பல்லிளித்துவிடும்.

600 × 600 மி.மீ. பலகையில் மனையை ஒட்டி வையுங்கள். 36 ஹெக்டேர் அடங்கும். 20 ஹெக்டேர் மனைக்கு நாலாபுறமும் கொஞ்சம் சுற்றுப்புறம் தெரியும். விதி ஒன்றுதான்: 440 துண்டும் பலகைமேல் ஏற வேண்டும், எதையும் ஒளித்து வைக்கக் கூடாது. முதல் ஒரு மணி நேரத்தில் நடுவில் பெரிய பூங்காவை வைத்துவிட்டு ஓரத்தில் துண்டுகளைக் குவிப்பார்கள். குவியல் 12, 15 என்று ஏறும்போது, அதன் நிழல் எங்கே விழுகிறது என்று மேசை விளக்கைச் சாய்த்துக் காட்டுங்கள். நிழலின் சரியான நீளத்தைப் பிறகு கணக்கிடலாம். அங்கே நிழல் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கட்டும்.

கடைசியாக வண்டிகள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தளப்பரப்பில் 70 சதவீதம் குடியிருப்பு, ஒரு வீட்டுக்குப் பொதுப்பகுதியோடு சேர்த்து 100 சதுர மீட்டர் என்றால் 1,540 வீடு. பாதி வீட்டுக்கு ஒரு கார் என்றாலும் 770. மீதமுள்ள 66,000 சதுர மீட்டர் அலுவலகத்துக்கும் கடைக்கும் 100 சதுர மீட்டருக்கு ஒன்று என்றால் 660. மொத்தம் 1,430 கார். நிற்குமிடம் 2.5 × 5 மீட்டர்தானே என்பார்கள். வண்டி வந்து திரும்பும் வழியோடு சேர்த்தால் ஒரு காருக்கு 28 சதுர மீட்டர் பிடிக்கும். மொத்தம் ஏறத்தாழ 4 ஹெக்டேர். பூங்காவுக்கு ஒதுக்கியதே 2.4 ஹெக்டேர்தான்! "எல்லாம் நிலத்தடியில்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அப்படியானால் சரிவுப்பாதை தெருவில் எங்கே வாய் திறக்கிறது, மேலே நட்ட மரத்துக்கு மண் எத்தனை மீட்டர் என்று உடனே கேளுங்கள். கார் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்களே வந்தால், பேருந்து நிறுத்தம் எங்கே என்ற கேள்விக்கு உண்மையான அவசரம் பிறக்கும்.

கேள்வி: பிளாக் (நாலாபுறமும் தெரு சூழ்ந்த நிலத்துண்டு) எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? சிறியதுதான் நல்லது என்கிறார்களே? (ஐந்தாம் ஆண்டு மாணவர்)

நடப்பவருக்குச் சிறியது நல்லது. நிலத்துக்கு அது செலவு. 18 மீட்டர் தெருவோடு 50 மீட்டர் சதுர பிளாக்குகளைப் போட்டால் மொத்த நிலத்தில் 46 சதவீதம் தெருவாகிவிடும். 80 மீட்டர் பிளாக்கில் 33 சதவீதம். 150 மீட்டரில் 20 சதவீதம்தான். ஆனால் எதிர்த்தெருவுக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டும். 80 மீட்டர் பிளாக்கை வைத்துக்கொண்டு எல்லாத் தெருவையும் 12 மீட்டராகக் குறைத்தால் 24 சதவீதத்துக்கு வரும். ஆக பிளாக்கின் அளவையும் தெருவின் அகலத்தையும் தனித்தனியாக முடிவு செய்ய முடியாது. எல்லாத் தெருவும் ஒரே அகலம் என்று வைக்கும் பழக்கத்தை விட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

பார்சலோனாவில் பொறியாளர் இல்தெஃபோன்ஸ் செர்தா 1859இல் திட்டமிட்ட பகுதியில் பிளாக் ஏறத்தாழ 113 மீட்டர் சதுரம், சாதாரணத் தெரு 20 மீட்டர், நான்கு முனையும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். கணக்கிட்டால் தெருவின் பங்கு 30 சதவீதத்தை ஒட்டி வரும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர மையத்தில் பிளாக் 61 மீட்டர்தான். மன்ஹாட்டனில் அகலம் அதே 61 மீட்டர் அளவில் இருந்தாலும் நீளம் பல இடங்களில் 200 மீட்டரைத் தாண்டும். இந்த மூன்றையும் 1:1000 அளவில் டிரேசிங் தாளில் எடுத்து உங்கள் மனைமேல் வைத்துப் பாருங்கள். உங்கள் "சின்னச் சதுக்கம்" ஒரு முழு போர்ட்லாந்து பிளாக்கைவிடப் பெரிதாக இருப்பது அப்போதுதான் தெரியவரும். 25 மீட்டருக்கு மேல் எதிரே இருப்பவரின் முகபாவம் மங்கத் தொடங்கும். 100 மீட்டரில் ஓர் ஆள் நகர்கிறார் என்பது மட்டுமே தெரியும். சதுக்கத்தை வரையும்போது இந்த இரண்டு எண்களும் மேசைமேல் இருக்கட்டும்.

கேள்வி: டெஸ்க் கிரிட்டில் (மேசையில் உட்கார்ந்து மாணவரின் திட்டத்தைப் பேசும் அமர்வில்) மாணவர் தடுமாறினால் பென்சிலை வாங்கி நானே வரைந்துவிடுகிறேன். முடிவில் 16 திட்டங்களும் என் திட்டம்போலவே இருக்கின்றன. நேரமும் போதவில்லை. (வருகைதரு ஆசிரியர்)

நேரத்தை முதலில் பார்ப்போம். 16 பேர், நான்கு மணி நேரம் என்றால் ஆளுக்கு 15 நிமிடம்தான். அதில் ஐந்து நிமிடம் கோப்பைத் திறப்பதிலும் "இது இன்னும் முடியவில்லை" என்பதிலும் போய்விடும். எனவே வாரத்தின் இரண்டு ஸ்டூடியோ நாட்களையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள். ஒருநாள் எல்லோரும் ஒரே கேள்விக்கான வரைபடத்தை மட்டும், உதாரணமாக 1:200 தெரு செக்‌ஷனை மட்டும், சுவரில் ஒட்டட்டும். 16ஐயும் சேர்த்துப் பேசினால் ஒருவருக்குச் சொல்வது பதினாறு பேருக்கும் போய்ச் சேரும். மறுநாள் இரண்டிரண்டு பேராக 30 நிமிடம் உட்காருங்கள். ஒருவர் திட்டத்தைப் பேசும்போது மற்றவர் குறிப்பெடுக்கட்டும். திட்டினாலும் பாராட்டினாலும் பதறாமல் எழுதக்கூடியவர் அவர்தான்.

பென்சில் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மாணவரின் தாளில் ஆசிரியர் கோடு போடக் கூடாது. வரைந்தே ஆக வேண்டும் என்றால் மேலே டிரேசிங் தாள் விரித்து, ஒன்றுக்குப் பதில் ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டு வழிகளை வரையுங்கள். ஒன்றே வரைந்தால் அது உத்தரவாகிவிடும். இரண்டு இருந்தால் மாணவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும், ஏன் என்றும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் மூன்றாவது வழி ஒன்றோடு வருவார்.

"இந்தத் தெருவை இப்படித் திருப்பு" என்பதற்குப் பதிலாக, "இந்த முனையில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?" "குப்பை வண்டி எங்கே திரும்பும்?" "இந்த 60 மீட்டர் சுவரில் எத்தனை கதவு?" என்று கேளுங்கள். கதவுக் கேள்விக்குக் கைமேல் பலன் உண்டு. உயிரோட்டமான கடைத்தெருவில் 100 மீட்டருக்கு 15 முதல் 20 கதவுகள் இருக்கும். நடப்பவர் நான்கைந்து வினாடிக்கு ஒரு கதவைக் கடக்கிறார். மாணவரின் 60 மீட்டர் சுவரில் இரண்டே கதவு என்றால் யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. தடுமாறும் மாணவருக்குப் பெரும்பாலும் யோசனைப் பஞ்சம் இருக்காது; ஒரே யோசனையைப் பிடித்துக்கொண்டு விட மறுப்பதுதான் சிக்கலாக இருக்கும். அவருக்கு மட்டும் ஒரு பயிற்சி கொடுங்கள்: ஒரே நாளில், 1:2000 அளவில், மூன்று திட்டங்கள். முதலாவது நீர் வடியும் பாதையை மட்டும் வைத்து. இரண்டாவது சுற்றியுள்ள தெருக்களை நீட்டி இணைப்பதை மட்டும் வைத்து. மூன்றாவது ஏற்கெனவே உள்ள மனை எல்லைகளை மட்டும் வைத்து. திட்டத்துக்கு இரண்டு மணி நேரம், தடித்த கோடு போடும் கறுப்புப் பேனா, அழிப்பான் கிடையாது. மூன்றிலும் தானாகவே ஒரே இடத்துக்கு வந்து சேரும் தெருவோ வெளியோ ஒன்று இருக்கும். அதைத் திட்டத்தின் எலும்பாக எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

அமர்வு முடிந்ததும், "இன்றைக்குப் பேசியதில் அடுத்த வாரத்துக்குள் செய்யப்போவது மூன்று" என்று மாணவரே எழுதி உங்களிடம் காட்டட்டும். நீங்கள் சொன்னதும் அவர் எழுதியதும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே சரிசெய்துவிடலாம்.

கேள்வி: குழுவில் ஐந்து பேர். இருவர் வேலை செய்கிறோம், மூவர் வருவதே இல்லை. மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்று. (பெயர் வேண்டாம்)

இது ஸ்டூடியோவின் அமைப்பில் உள்ள குறை. உங்கள் ஆசிரியரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். 16 வாரத்தில் முதல் எட்டு வாரம் மட்டுமே குழுவேலையாக இருக்க வேண்டும்: மூன்று வாரம் ஆய்வு, ஒரு வாரம் நோக்கமும் தேவைப்பட்டியலும், மூன்று வாரம் தெரு அமைப்பும் அட்டை மாடலும், எட்டாவது வாரம் இடைக்கால மதிப்பாய்வு. அதற்குப் பிறகு 20 ஹெக்டேரை ஐந்தாகப் பிரித்து ஆளுக்கு 4 ஹெக்டேரைத் தனியாக வடிவமைக்க வேண்டும். மதிப்பெண்ணில் குழுப்பங்கு 40 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

பிரிக்கும்போது எல்லைக்கோடு தெருவின் நடுவில் போகக் கூடாது. போனால் தெருவின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது. பிளாக்குகளின் பின்பக்கமாகப் பிரியுங்கள். ஒரு தெருவின் இரண்டு ஓரத்துக்கும் ஒருவரே பொறுப்பு.

குழுவேலை நடக்கும் வாரங்களில் பொறுப்பைச் சுழற்றுங்கள். ஒரே ஆள் எட்டு வாரமும் கணினி வரைபடக் கோப்பையே கட்டி மேய்த்தால் மற்றவர்களுக்குத் திட்டம் கைக்கு வராது. வராதவர்களில் பலர் எதைச் செய்வது என்று தெரியாமல் விலகி நிற்பவர்களாக இருக்கலாம், "நீ மாடலின் தரைமட்டம், வியாழனுக்குள், 1 மி.மீ. அட்டை ஒன்றுக்கு ஒரு மீட்டர் உயரம்" என்று துல்லியமாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தெரு செக்‌ஷன் வரைந்தால் எப்போதும் இடம் பற்றவில்லை. என்ன செய்வது? (நான்காம் ஆண்டு மாணவர்)

பற்றாதுதான். நடைபாதை 3, மரவரிசை 1.5, மிதிவண்டி 1.5, வண்டி நிறுத்தம் 2 மீட்டர் என இரண்டு பக்கமும் வைத்து, நடுவில் 6 மீட்டர் வண்டிப்பாதையும் போட்டால் 22 மீட்டர் ஆகிறது. உங்களிடம் இருப்பது 18. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குவதுதான் மோசமான வழி. 1 மீட்டர் மிதிவண்டிப் பாதையும் 1.2 மீட்டர் நடைபாதையும் யாருக்கும் உதவாது. ஏதாவது ஒன்றை முழுதாக எடுத்துவிடுங்கள். வண்டி நிறுத்தத்தை எடுத்தால் 18 சரியாக வந்துவிடுகிறது. அந்த வண்டிகள் வேறெங்கே போகும் என்பதை மாஸ்டர் பிளானில் காட்ட வேண்டிய கடன் உங்களுக்கு இருக்கிறது.

செக்‌ஷனைத் தரையோடு நிறுத்தாதீர்கள். கீழே மழைநீர்க் கால்வாய், கழிவுநீர்க் குழாய், குடிநீர், மின்கேபிள் எல்லாம் வரையுங்கள். மரத்தின் வேர் போகிற இடத்தில்தான் கேபிளும் போகும் என்று பெரும்பாலான வரைபடங்கள் சொல்கின்றன. இரண்டு பக்கமும் உள்ள கட்டடத்தின் முதல் அறைவரை வெட்டிக் காட்டுங்கள்; தெருவைப் பார்க்கும் அறை சமையலறையா, கடையா, கழிப்பறைச் சுவரா என்பது தெருவின் தன்மையையே மாற்றும். ஐந்து மாடிக் கட்டடம் 16 மீட்டர் என்றால் 18 மீட்டர் தெருவில் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம்; நம்மைச் சூழ்ந்து அணைக்கிற, நல்ல தெரு. அதே கட்டடத்தை 60 மீட்டர் சாலையின் ஓரத்தில் வைத்தால் அந்தச் சூழப்பட்ட உணர்வு கலைந்துவிடும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய தெருக்காட்சிகளை மாணவர்கள் ஜூரிக்கு (வெளியாட்களும் வந்து திட்டங்களை மதிப்பிடும் அமர்வுக்கு) கொண்டுவருகிறார்கள். தடை செய்யலாமா? (துறைத்தலைவர்)

தடை செய்வதைவிட ஒரு நிபந்தனை வையுங்கள். எந்தக் காட்சிப்படமானாலும் அதன் பக்கத்திலேயே அதே இடத்தின் பிளானும் செக்‌ஷனும், பார்ப்பவர் நின்ற புள்ளியும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். படத்தில் தெரியும் மூன்று மாடி செக்‌ஷனில் ஐந்தாக இருந்தால், படத்தில் உள்ள மரத்துக்குப் பிளானில் இடமே இல்லை என்றால், அந்தப் படம் சுவரில் ஏறக் கூடாது. ஜூரிக்கு முந்தைய நாள் மாணவர்களே ஒருவர் தாளை மற்றவர் இப்படி ஒப்பிட்டுச் சரிபார்க்கட்டும்.

ஜூரி பற்றியும் ஒரு சொல். வெளியிலிருந்து வருபவர்களுக்கு 15 நிமிடம் முன்னதாக மனையையும் பாடத்தின் நோக்கத்தையும் விளக்கிவிட்டால், ஒவ்வொரு மாணவரும் வடக்குத் திசையிலிருந்து கதை தொடங்க வேண்டியதில்லை. மாணவர் பேச எட்டு நிமிடம், உரையாட 15. அவருக்காக இன்னொரு மாணவர் எழுதிக்கொள்ளட்டும். நின்றுகொண்டிருப்பவர் காதில் பாதிதான் விழும்.

கேள்வி: எங்கள் மாஸ்டர் பிளான் உண்மையில் வேலை செய்யுமா என்று கட்டாமல் எப்படிச் சோதிப்பது? (ஐந்தாம் ஆண்டு மாணவி)

மிக நல்ல கேள்வி. நகர வடிவமைப்பாளர் எல்லாக் கட்டடத்தையும் தானே வடிவமைக்கப்போவதில்லை. உங்கள் மனைகளை வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ரசனையோடு கட்டுவார்கள். ஆகவே சோதனையும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு பிளாக்கை எடுத்து, அதற்கான விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: கட்டடம் தொட வேண்டிய கோடு எது, குறைந்தபட்ச, அதிகபட்ச உயரம், மனையில் எவ்வளவு மூடலாம், தரைத்தளத்தின் உயரமும் பயன்பாடும், எத்தனை மீட்டருக்கு ஒரு வாசல், வண்டி நுழையும் பக்கம், முற்றத்தின் குறைந்தபட்ச அகலம். அழகு, நவீனம், பாரம்பரியம் போன்ற சொற்கள் கூடாது. அளந்து பார்க்க முடிந்தவை மட்டும். அந்தப் பக்கத்தை உங்கள் திட்டத்தைப் பார்த்திராத மூன்று மாணவர்களிடம் கொடுத்து, ஆளுக்கொரு மனையை 1:500இல் மூன்று மணி நேரத்தில் வடிவமைக்கச் சொல்லுங்கள். அருகில் நின்று விளக்கம் சொல்லாதீர்கள்.

மூன்றையும் உங்கள் மாடலில் பொருத்துங்கள். தெரு இன்னும் தெருவாக இருக்கிறதா? இருந்தால் விதிகள் தாங்குகின்றன. ஒருவர் விதியை மீறாமலேயே தெருப்பக்கம் முழுதும் வண்டி நிறுத்தம் வைத்துவிட்டாரா? உங்கள் விதியில் ஓட்டை இருக்கிறது. மூவரும் ஒரே கட்டடத்தை வரைந்துவிட்டார்களா? அளவுக்கு மீறிக் கட்டிப்போட்டுவிட்டீர்கள். இரண்டு விதியை எடுத்துவிட்டு மறுபடி கொடுங்கள்.

பிறகு அதே மாடலில் கட்டங்களைச் சோதியுங்கள். முதல் ஐந்து ஆண்டில் வரும் துண்டுகளை மட்டும் வைத்து, மீதியை எடுத்துவிட்டுப் பாருங்கள். அந்த நிலையிலேயே நிறுத்தினாலும் அங்கே குடியேறியவர்களுக்குத் தெரு, வடிகால், பேருந்து, அருகில் ஒரு கடை கிடைக்கிறதா? மத்தியச் சதுக்கம் மூன்றாம் கட்டத்தில்தான் முழுமையடையும் என்றால், முதலில் வருபவர்கள் பல ஆண்டுகள் ஒரு பொட்டலின் ஓரத்தில் இருப்பார்கள். முதல் கட்டத்தை ஏற்கெனவே உள்ள தெருவை ஒட்டித் தொடங்கி, சதுக்கத்தின் ஒரு முழுப் பக்கத்தையாவது அதற்குள்ளேயே கட்டி முடிக்கும்படி வரிசையை மாற்றுங்கள்.